ஆங்கிலேய மரபில் குடும்பச் சின்னம் அமைப்பது எப்படி

குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று ஒன்றை அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் நிறைய உண்டு. அதை வாங்கிப் பயனில்லை. இங்கிலாந்தில் சின்னம் பெயருக்கு உரியதல்ல, ஒரு நபருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் உரியது. 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் அரசரின் சாசனத்தால் அமைந்த லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் (சின்னங்களை வழங்கிப் பதியும் அமைப்பு) இன்றும் அப்படித்தான் வழங்குகிறது.

முதலில் கேடயத்தை மட்டும் யோசியுங்கள். மற்றதெல்லாம் பிறகு. குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். 2011-ல் இளவரசர் வில்லியமை மணந்த கேட்டின் மிடில்டன் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட சின்னம் இதற்கு அருமையான பாடம். கேடயம் நெடுக்காகப் பாதி நீலம், பாதி சிவப்பு. நடுவே கூரை முகடு போல மடிந்த பொன் பட்டை: தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித். அதன் மேலும் கீழும் மெல்லிய வெள்ளிப் பட்டைகள்: குடும்பம் விரும்பிப் போகும் மலைகள். காம்பும் இலையுமாக மூன்று பொன் ஓக் காய்கள்: மூன்று பிள்ளைகள், அவர்கள் வளர்ந்த பெர்க்‌ஷயரில் ஓக் மரங்கள் அதிகம். பெயரையே படமாக்குவதும் பழைய வழக்கம்தான். 1596-ல் நாடகாசிரியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்காக எழுதப்பட்ட சின்னத்தில் ஈட்டி (ஆங்கிலத்தில் 'ஸ்பியர்') இருப்பது அதனால்தான்.

'நீலம் விசுவாசம், சிவப்பு வீரம்' என்ற பட்டியல்களை நம்பி நிறம் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவை பிற்காலத்தில் சேர்ந்தவை. பொருள் குடும்பம் கொடுப்பதுதான். ஆனால் நிறச் சேர்க்கைக்குக் கறாரான விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது. நீலத்தின் மேல் கறுப்புக் கழுகு வைத்தால் பத்தடி தள்ளி நின்றாலே கரைந்துவிடும். மிடில்டன் கேடயத்தில் வெள்ளிப் பட்டை பொன் பட்டையை ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இடையில் நீலமும் சிவப்பும் கோடாகத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள்.

வரைந்ததை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி அச்சிட்டுப் பாருங்கள். உருவம் புரியவில்லையென்றால் எதையாவது நீக்குங்கள். கறுப்பு வெள்ளையில் நிறத்தைக் குறிக்க 1638-ல் பெத்ரா சாங்க்தா என்ற இத்தாலியப் பாதிரியார் பரப்பிய கோட்டு முறை இருக்கிறது: பொன்னுக்குப் புள்ளி, வெள்ளிக்கு வெறுமை, சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு.

அடிக்கடி நடக்கும் பிழை, கேடயத்தை நான்காகப் பிரித்து அப்பாவின் தொழில், அம்மாவின் ஊர் என்று கட்டத்துக்கு ஒன்றாக அடைப்பது. நான்கு கட்டம் என்றால் வெவ்வேறு குடும்பங்களின் சின்னங்கள் வாரிசுரிமையாக ஒன்று சேர்ந்திருக்கின்றன என்றே தெரிந்தவர்கள் படிப்பார்கள். இன்னொன்று, திசை. வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம், அதாவது பார்ப்பவருக்கு இடம். விலங்குகள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்; எதிர்ப்பக்கம் திருப்பினால் அதற்கொரு காரணம் வேண்டும்.

கேடயத்துக்கு மேலே தலைக்கவசம். சாதாரணக் குடிமக்களுக்கு முகமூடி மூடிய எஃகுக் கவசம், பக்கவாட்டில். அதன் மேல் உலோகமும் நிறமும் மாறி மாறி ஆறு முறுக்குகள் கொண்ட துணிச் சுருள், அதன் மேல் க்ரெஸ்ட் எனும் உச்சி உருவம். க்ரெஸ்ட் தலைக்கவசத்தில் நிஜமாகவே பொருத்தக்கூடிய உருவமாக இருக்கட்டும். மேகமும் சூரியோதயமும் அங்கே நிற்காது. இரு பக்கமும் தாங்கி நிற்கும் விலங்குகளைச் சேர்க்க வேண்டாம், அது பிரபுக்கள் போன்ற சிலருக்கே உள்ள உரிமை.

கடைசியில் முழுச் சின்னத்தையும் சொற்களில் எழுதுங்கள். சட்டப்படி சின்னம் என்பது அந்த வாசகம்தான். ஓவியருக்கு ஓவியர் கோடு மாறலாம். படத்தைப் பார்க்காத ஒருவர் வாசகத்தை வைத்தே வரைய முடிகிறதா என்று சோதியுங்கள். கேடயத்தின் மேற்பகுதியில் கொஞ்சம் இடமும் இருக்கட்டும். தந்தை இருக்கும்போது மூத்த மகனுக்குத் தொங்கல்களுள்ள பட்டை, இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன் என்று மகன்களை வேறுபடுத்தும் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் ஏறும்.

பிறகு காலேஜுக்கு விண்ணப்பம். ஏற்கெனவே உள்ள எதனுடனும் ஒத்துப்போகவில்லையா என்று அங்கே பதிவேடுகளில் தேடிப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் எடின்பரோவில் சின்னங்களுக்கென உள்ள லார்ட் லயன் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அங்கே பதியாத சின்னத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.