அமெரிக்கக் கல்லூரியின் கடிதம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த பிள்ளைகள் சிலருக்கு அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து இப்போது கடிதங்கள் வருகின்றன. உபகாரச் சம்பளம் என்ற சொல்லைக் கண்டதும் பெற்றோர் மகிழ்வது நியாயமே. ஆனாலும் அக்கடிதம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 43 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குறையத் தொடங்கிய பிறப்பு எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அன்று பிறந்தவர்கள் கல்லூரி வயதைத் தொட்டுவிட்டதால், இனி உள்நாட்டு மாணவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். கட்டண வருமானத்தையே நம்பியிருக்கும் சிறிய தனியார் கல்லூரிகள் இடங்களை நிரப்பக் கட்டணத்தைக் குறைக்கின்றன. அங்குள்ள இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் கழிவு, சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கும் மேல். ஆகவே கடிதத்தில் உள்ள உபகாரச் சம்பளம் பெரும்பாலும் விலைக்குறைப்புத்தான்.

கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர், மகளுக்கு வந்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து என்னிடம் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் 20,000 டாலர் கழிவு தடித்த எழுத்தில் இருந்தது. கட்டணம் 42,000 டாலர் என்பது இரண்டாம் பக்கத்திலும், தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றுக்கு 19,000 டாலர் என்பது மூன்றாம் பக்கத்திலும் இருந்தன. கூட்டிக் கழித்தால் குடும்பம் ஆண்டுக்கு 41,000 டாலர் கட்ட வேண்டும். கட்டணம் ஆண்டுதோறும் உயரக்கூடும். கழிவும் கூடவே உயரும் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இந்தக் கேள்வியைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் பெறுவது அவசியம்.

அடுத்து, கல்லூரி நான்கு ஆண்டும் நிலைத்திருக்குமா என்று பாருங்கள். பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே 31ஆம் தேதி மூடப்போவதாக அறிவித்து, ஜூன் 7ஆம் தேதியே மூடிவிட்டது. எப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால், வேறு கல்லூரி கிடைப்பதோடு விசாப் பதிவையும் உரிய காலத்துக்குள் மாற்றியாக வேண்டும். இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகளுள் பெரும்பாலானவை ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 என்னும் வருமான வரிப் படிவத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஐந்து ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்து, வரவைவிடச் செலவு மிகுந்த ஆண்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு அமெரிக்கக் கல்வித் துறை மதிப்பெண்ணும் தருகிறது. உச்ச மதிப்பெண் 3.0; 1.5க்குக் கீழே இருக்கும் கல்லூரியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

உண்மையான வாய்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்ப வருமானத்தைக் கருத்தில் கொள்வதில்லை. சேர்த்துக்கொண்ட பிறகு, குடும்பத்தால் கட்ட முடியாது என்று கல்லூரி கணக்கிடும் தொகை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி எந்த மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. போட்டி கடுமையானது என்பதால் இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்திலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். பெற்றோரின் சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்; உதவித்தொகை விண்ணப்பத்தில் இவற்றையே கேட்பார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளை மலேசியாவிலேயே படித்துவிட்டு அமெரிக்காவுக்கு மாறும் பாடத்திட்டம் செலவைக் கணிசமாகக் குறைக்கும். எந்தப் பாடங்களின் மதிப்பு அங்கே ஏற்கப்படும் என்பதை மட்டும் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முகவரிடம் பணம் கட்டும் முன், கோலாலம்பூரிலுள்ள மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தின் ஆலோசனை மையத்தை அணுகுங்கள்.

2025 மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் கொடுப்பதை அமெரிக்கத் தூதரகங்கள் சில வாரங்கள் நிறுத்தி வைத்தன. ஆகவே மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யு.பி.யு. விண்ணப்பத்தையும் தவறாமல் அனுப்புங்கள். கடப்பிதழில் விசா ஒட்டப்படும் வரை, இங்கே கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.