ராயக்கோட்டையில் பழகி கிளிமஞ்சாரோ ஏறுவது எப்படி?

கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு மலை ஒன்றும் புதிதில்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் ஏதாவது ஒரு மொட்டைப் பாறை கூடவே வரும். ஆனால் நம்முடையதெல்லாம் கருங்கல். எரிமலை வேறு சங்கதி. சாம்பலும் சரளையுமாகக் குவிந்த மேடு அது. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். நம் நாட்டில் இன்னும் புகைகிற எரிமலை அந்தமான் பக்கத்து 'பேரன்' (Barren) தீவு ஒன்றுதான். அதுவும் 400 மீட்டர் உயரம்கூட இல்லை. பெரிய எரிமலை ஏற ஆசைப்பட்டால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும்.

நான் மலையேற்ற வீரன் எல்லாம் இல்லை. ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஆரம்பித்து, இமயமலையில் ஒருமுறை தோற்றுத் திரும்பி, அப்புறம் கிளிமஞ்சாரோ எரிமலை ஏறி இறங்கினேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: நம் ஊர் மலைகள் காலைப் பழக்கும், உயரத்தைப் பழக்காது. இரண்டுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும்.

1. மலையைத் தேர்ந்தெடுங்கள்

உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். ஈக்வடாரின் கோட்டோபாக்ஸி 5,897. இரண்டு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் கோட்டோபாக்ஸியின் தலையில் பனியாறு இருக்கிறது, அதில் ஆளை விழுங்கும் வெடிப்புகள் இருக்கின்றன. ஷூவுக்கு அடியில் இரும்பு முள் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி ஏற வேண்டும். போதாததற்கு அது அடங்காத எரிமலை. சீற ஆரம்பித்தால் ஏறவே விடமாட்டார்கள். ரஷ்யாவின் எல்ப்ரஸும் (5,642 மீட்டர்) பனிதான். ஈரானின் தமாவந்தில் கோடையில் நடந்தே போகலாம், ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் கந்தகப் புகை தொண்டையைப் பிடிக்கும்.

கிளிமஞ்சாரோவில் கயிறும் வேண்டாம், இரும்பு முள்ளும் வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். அதனால் முதல் எரிமலைக்கு அதையே சொல்வேன். பனியில் ஏறும் ஆசை பிறகு வந்தால், டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் உள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ ஒரு மாத அடிப்படைப் பயிற்சி இருக்கிறது.

2. எத்தனை நாள் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்

கிளிமஞ்சாரோவில் வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. தேசியப் பூங்காவின் கட்டணம் நாள் கணக்கில் ஏறுகிறது. ஐந்து நாள் பயணம் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டிய நாட்களைத்தான் அந்த விலையில் கழித்திருப்பார்கள். ஏழு அல்லது எட்டு நாள் எடுங்கள்.

நான் போனது மச்சாமே வழி, ஏழு நாள். அதில் ஒரு நாள் லாவா டவர் என்ற எரிமலைப் பாறை வரை, சுமார் 4,600 மீட்டர் ஏற்றுவார்கள். மதியச் சாப்பாடு அங்கே. ராத்திரிக்கு 4,000-க்குக் கீழே இறக்கிப் படுக்க வைப்பார்கள். ஏறினதை எதற்கு இறங்க வேண்டும் என்று கோபம் வரும். உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே தூங்க வைப்பதுதான் உடம்பைப் பழக்கும் வித்தை.

ஜூன் முதல் அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியிலும் மழை குறைவு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை போகாதீர்கள்.

3. கால்களுக்கு ஆறு மாதம்

இலக்கை முதலில் கணக்குப் போட்டுக்கொள்வோம். கடைசி முகாமான பராஃபு சுமார் 4,670 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஒரே இரவில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறிய கையோடு 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் முகாம் வரை இறக்கம், அதாவது ஏறியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, நம் ஊரில் ஒரே நாளில் 1,200 மீட்டர் ஏறி இறங்கிய பிறகும் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

நான் பழகியது ராயக்கோட்டைக் கோட்டை மலையில். 1791-இல் கார்ன்வாலிஸ் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு சையத் பாஷா மலை, அரூர் பக்கம் தீர்த்தமலைப் படிகள், தர்மபுரிக்காரர்களுக்கு வத்தல்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள். எதுவானாலும் சரி. அடிவாரத்திலிருந்து மேலே வரை எத்தனை மீட்டர் ஏற்றம் என்று செல்போன் ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை ஏறினால் போதும். அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். வார நாட்களில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள்.

ஒரே காலையில் நான் நான்காவது முறை ஏறுவதைப் பார்த்து ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, மேல எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டியா?"

முதுகுச் சுமைக்கு ஒரு தந்திரம். பெரிய பையைச் சுமைக்காரர்கள் தூக்குவார்கள். நம் முதுகில் தண்ணீர், மழைச் சட்டை, தின்பண்டம் என்று ஆறேழு கிலோதான் இருக்கும். பயிற்சியில் அந்த எடைக்குத் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். உச்சியில் ஏதாவது செடிக்கு ஊற்றிவிட்டுக் காலிப் பாட்டிலோடு இறங்குங்கள். ஏறும்போது தொடை பழகும், இறங்கும்போது முட்டி தப்பிக்கும். கடைசி இரண்டு மாதம் மட்டும் சுமையோடேயே இறங்கிப் பழகுங்கள்.

கருங்கல்லில் மட்டும் நடந்தால் சரளை பழகாது. தென்பெண்ணையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் இறங்கி ஒரு மணி நேரம் நடங்கள். குதிகால் புதைந்து, கெண்டைக்கால் இழுக்கும். எரிமலைச் சரிவுக்கு நம் பக்கத்தில் எனக்குக் கிடைத்த கிட்டத்தட்ட சரியான மாற்று அதுதான். அணை திறக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

4. உயரம்: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

கிளிமஞ்சாரோ உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் பாதிதான் உள்ளே வரும். இதற்கு ராயக்கோட்டை உதவாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதனால் ஒருமுறையாவது இமயமலையில் 3,500 முதல் 4,000 மீட்டர் வரை போய், உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்து வாருங்கள். அங்கே பெற்ற பழக்கம் சில வாரங்களில் போய்விடும். ஆனால் உங்கள் தலைவலி எப்படித் தொடங்கும் என்று தெரிந்திருக்கும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், உத்தரகாண்டில் முதல் இரண்டு நாளும் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். நம் வெயிலில் பழகிய கால், கேட்கவா வேண்டும்! மூன்றாம் நாள் மாலை நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்கியது போல வலி. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். கூட்டிப்போன ஆள், "பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும்" என்று இன்னும் மேலே ஏற்றினார். ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாள் இறக்கிவிட்டார்கள். 600 மீட்டர் இறங்கியதும் பசித்தது.

ஆகவே விதிகள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டலோ, தலைசுற்றலோ, அடித்துப்போட்ட அசதியோ இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஏறாமல் இருந்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.

ஆபத்தானவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: ஒரு பாதத்தின் விரல் நுனியை ஒட்டி மறு பாதத்தின் குதிகால் படுமாறு நேர்கோட்டில் நடக்கச் சொன்னால், ஆள் குடித்தவர் போலத் தள்ளாடுவார். இன்னொன்று நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கும், இருமல் விடாது. இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே இறக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துப்போனேன். பராஃபுவில் 81 காட்டியது. ஊரில் என்றால் ஆம்புலன்ஸ்தான். அந்த உயரத்தில் அது சகஜம். எண்ணைவிட அறிகுறியை நம்புங்கள்.

உயரத்தால் வரும் இந்தத் தலைவலி, குமட்டலைத் தடுக்க உதவும் டையமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரல் நுனி மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும். கூடாரத்தின் ஜிப்பைக் குளிரில் நான்கு முறை திறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

5. பை, பேப்பர், சாப்பாடு

சுமைக்காரர் தூக்கும் உங்கள் பை 15 கிலோவைத் தாண்டக் கூடாது. துணி மூன்று அடுக்கு: வியர்வை உறிஞ்சாத உள்சட்டை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். உச்சி இரவுக்கு இறகு ஜாக்கெட் ஒன்று கூடுதலாக. ஷூவை மட்டும் மூன்று மாதம் முன்பே வாங்கி, நம் மலையில் ஏறித் தேய்த்துப் பழக்குங்கள்.

எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் மாறுவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

மேலே போகப் போகப் பசி செத்துவிடும். பராஃபு உயரத்தில் தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு லேசில் வேகாது. நாக்குக்குப் பழகினது ஏதாவது கையில் வேண்டும். நான் கொண்டுபோனது வறுத்த ராகி மாவும் வெல்லமும், கடலை மிட்டாய், தேன் நெல்லி. அதியமான் ஊர்க்காரன் நெல்லிக்காய் இல்லாமல் போகலாமா?

6. உச்சி இரவு

நள்ளிரவில் கிளப்புவார்கள். சரளை உறைந்து இறுகியிருக்கும் நேரம் அது. வெயில் ஏறினால் இளகிவிடும். குளிர் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும், மூடி அடைக்காது. செல்போனை உள்சட்டைக்குள் போடுங்கள்.

வழிகாட்டி "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் நாள், எதைப் போல என்று கேட்கத் தோன்றியது. சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதம், நடுவில் ஒரு முழு மூச்சு. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை என்றால் உங்கள் வேகம் அதிகம்.

திரும்பச் சொன்னால் திரும்புங்கள். இந்த உச்சியை 1889-இல் முதலில் தொட்டவர்களில் ஒருவரான ஹான்ஸ் மேயரே 1887-இல் பாதியில் இறங்கிப் போனவர்தான்.

நான் ஸ்டெல்லா முனையை அடைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அங்கே 5,756 மீட்டர். எரிமலை வாயின் விளிம்பு அது. உச்சிப் பலகைக்கு இன்னும் முக்கால் மணி நேரம். பலகையடியில் போட்டோ எடுக்கக் கையுறையைக் கழற்றினேன், இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க விடவில்லை.

இறக்கத்தில் சரளையில் சறுக்கிக்கொண்டே வரலாம், ஜாலியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும். இறங்கும் முன் கயிறைத் தளர்த்தாமல், கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முதல் நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் வெட்டவில்லை. இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஓசூர் வந்து மூன்றாம் வாரம் விழுந்தன.