ஒரே தொட்டியில் இரண்டு ஜோடி கோமாளி மீன்: எங்கே தவறுகிறோம்?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். இருக்கிற ஜோடி நன்றாக இருக்கிறது, முட்டைகூட வைத்துவிட்டது, கூட இன்னொரு ஜோடி விட்டால் என்ன? நானும் அப்படித்தான் விட்டேன். நாலடித் தொட்டி, ஒன்றரை வருஷமாகக் குடியிருந்த ஓசெல்லாரிஸ் என்ற கோமாளி மீன் ஜோடி, அதில் புதிதாக இன்னொரு இளம் ஜோடி. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டால், புது மீன்கள் இரண்டும் மேல் மூலையில், சம்ப் எனும் அடியிலுள்ள வடிகட்டித் தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் சீப்புத் தடுப்பை ஒட்டி நின்றன. ஒன்றின் வால் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. அவை ஒரு சாண் கீழே இறங்கினால் போதும், மறுகோடியில் இருந்த பழைய பெண் மீன் பாய்ந்து வந்துவிடும். இரண்டையும் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். வால் கிழிந்தது பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்கு நான்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் பார்த்தது லிட்டர் கணக்கை. மீன் பார்த்தது எல்லையை. கடலில் கோமாளி மீன் குடும்பம் ஒரு கடல் சாமந்தியை (அனிமோனை)ச் சுற்றியுள்ள சிறு இடத்தையே காக்கிறது. எதிரி சற்று விலகிப் போனால் விட்டுவிடும். நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்த முழு இடத்தையும் ஒரு ஜோடி தன் வீடாக்கிக்கொள்ளும். துரத்தப்படும் மீனுக்குப் போக இடமே இருக்காது. வளர்ந்த இரண்டு ஜோடிகளை நாலடியில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஆறடியிலும், இரு கோடிகளிலும் தனித்தனிப் பாறைக் குவியல் வைத்து, ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி அமைத்தால்தான் யோசிக்கவே செய்யலாம்.

“நாலு குட்டி வாங்கினால் தானாக இரண்டு ஜோடி ஆகிவிடும்” என்று கடையில் சொல்வார்கள். ஆகாது. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாக முதிர்கிறவை. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது அதன் ஆண் துணையாகும், மற்றவை வளராமல் ஒடுங்கி இருக்கும். பாப்புவா நியூ கினியின் பவளப்பாறைகளில் பீட்டர் பஸ்டன் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: கீழ்ப்படியில் இருக்கும் மீன், மேலே இருப்பதற்குப் போட்டியாகிவிடாதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்துகிறது. ஆக, நாலு குட்டி விட்டால் கிடைப்பது ஒரு ஜோடியும் இரண்டு அடிமைகளும். முதல் ஜோடி முட்டை வைக்கத் தொடங்கியதும் அந்த இரண்டுக்கும் அடி விழும்.

பெண்ணான மீன் மறுபடி ஆணாகாது. இது தெரியாமல், துணையை இழந்த பெரிய மீன்கள் இரண்டை ஒன்றாக விடுகிறவர்கள் உண்டு. இரண்டுமே பெண் என்றால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது. தனியாக நிற்கும் பெண்ணுக்குத் துணை வேண்டுமென்றால், அதைவிட நன்றாகச் சிறிய குட்டியைத்தான் விட வேண்டும்.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறுகிறோம். கறுப்பு ஓசெல்லாரிஸ், ஸ்னோஃப்ளேக், சாதா ஆரஞ்சு எல்லாம் ஒரே இனம்தான், நிறம் வேறு என்பதால் சண்டை குறையாது. வேறு இனமாக இருக்கட்டுமே என்று மரூன் கோமாளியைச் சேர்ப்பது இன்னும் மோசம். கோமாளிகளிலேயே முரட்டு மீன் அது.

இரண்டு அனிமோன் வைத்தால் ஆளுக்கொன்று என்று பங்கு பிரித்துக்கொள்ளும் என்பதும் நடக்காத கணக்கு. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் இருக்கும் பபிள் டிப் அனிமோன், இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து போகும், சில சமயம் நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டில் சிக்கி அரைபடும். பெரும்பாலும் பெரிய பெண்ணே இரண்டையும் வளைத்துக்கொள்ளும்.

சண்டை என்றால் கடியைத்தான் தேடுகிறோம். அதற்கு முன்னாலேயே அறிகுறிகள் வந்துவிடும். அடங்கிப்போகும் மீன் உடலைச் சாய்த்து, வலிப்பு வந்ததுபோல் நடுங்கும். அது நோயில்லை, “நான் உனக்குக் கீழே” என்று சொல்வது. பக்கத்தில் காது வைத்தால் மிரட்டும் மீனின் தாடை ‘டக் டக்’ என்று அடிப்பதுகூடக் கேட்கும். நடுங்கியதும் பெரியது விட்டுவிட்டால் பயமில்லை. நடுங்கியும் துரத்தினால், அல்லது சின்னது சாப்பாட்டுக்குக்கூட மூலையை விட்டு வராவிட்டால், அன்றைக்கே பிரியுங்கள். நாளை பார்ப்போம் என்று நான் ஒரு நாள் தள்ளியதுதான் வினையானது. பிரித்து வைக்க ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டி இல்லையென்றால் இரண்டாம் ஜோடியை வாங்கவே வேண்டாம். புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கவும் அதே தொட்டி உதவும். ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய் கோமாளிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும்.

கடைசியில் எனக்குச் சரிப்பட்டது வேறு வழி. பிழைத்த அந்த ஒன்றை, அதே சம்ப்பில் இணைத்த இரண்டடித் தொட்டியில் விட்டேன். சில மாதம் கழித்துப் பொரிப்பகத்தில் பிறந்த ஒரு அங்குலக் குட்டி ஒன்றைத் துணைக்குச் சேர்த்தேன். முதல் வாரம் முழுக்கக் குட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது, பெரியது ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. போன மாதம், சாய்த்து வைத்த மண்சட்டியின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். குட்டிதான் அவற்றுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.