லண்டனுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்கிறீர்களா? வீட்டையும் பள்ளியையும் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையிலிருந்து லண்டனுக்கு மாற்றல் உறுதியானவுடன் நாங்கள் செய்த முதல் காரியம், இணையத்தில் பேர்பெற்ற பள்ளி ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்கு ஐந்து நிமிட நடையில் ஒரு வீட்டை ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்ததுதான். வந்திறங்கிய மறுவாரம் அந்தப் பள்ளிக்குப் போய் விசாரித்தபோது, சின்னவன் சேர வேண்டிய வகுப்பில் 30 பிள்ளைகளும் நிரம்பிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் இருந்த அம்மையார் கனிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவளுக்கு அங்கேயே இடம் கிடைத்தது. சின்னவனுக்கு ஆறு பேருந்து நிறுத்தங்கள் தள்ளி வேறொரு பள்ளி. இரண்டு இடத்திலும் காலை 8.50க்கு வாசல் மூடப்படும் என்பதால், கணவரும் நானும் தினமும் ஆளுக்கொரு திசையில் ஓடினோம். அந்த அனுபவத்துக்குப் பிறகு, எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பிறகு பார்க்கலாம் என்று நான் வகுத்துக்கொண்ட வரிசையையே இங்கே எழுதுகிறேன். இது லண்டனையும் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளையும் மட்டுமே பற்றியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளின் விதிகள் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பெரும் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி என்று பொருள். வேலை விசாவில் வருபவரோடு சார்ந்தோர் விசாவில் வரும் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஊர்ப் பழக்கத்தில் ‘அரசுப் பள்ளியா’ என்று தயங்க வேண்டியதில்லை. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அங்கேதான்.

படி 1: பிள்ளையின் வகுப்பைக் கணக்கிடுங்கள்

கல்வியாண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஆகஸ்ட் 31க்குள் நான்கு வயது முடிந்த குழந்தை அந்தச் செப்டம்பரில் ‘ரிசெப்ஷன்’ வகுப்பில் சேரும். அடுத்த ஆண்டு இயர் 1, அதற்கடுத்து இயர் 2 என்று வயதையொட்டியே மேலே போகும். 2018 ஆகஸ்ட் 25 அன்று பிறந்த குழந்தை 2026 செப்டம்பரில் இயர் 4-இல் இருக்கும். ஒன்பது நாள் கழித்துச் செப்டம்பர் 3 அன்று பிறந்த குழந்தை இயர் 3-இல் இருக்கும். நுழைவுத் தேர்வு வைத்து வகுப்பை முடிவுசெய்யும் வழக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இல்லை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைக்கூட வயதுக்குரிய வகுப்பில்தான் உட்காரவைப்பார்கள். ஊரில் மூன்றாம் வகுப்பு படித்த பிள்ளை இங்கே இயர் 4 என்று கேட்டு, டபுள் புரமோஷன் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்த உறவினர்கள் எங்களுக்கும் உண்டு. எண் மட்டும்தான் வேறு.

பிள்ளை இயர் 10, இயர் 11 வயதில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இயர் 11 முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பாடத்திட்டம் அந்த இரண்டு ஆண்டுகளில் நடக்கிறது. பள்ளிக்குப் பள்ளி தேர்வு வாரியமும் விருப்பப் பாடங்களும் மாறுகின்றன. நடுவில் நுழையும் பிள்ளைக்கு அது பெரும் சுமை. பயணத் தேதியைத் தள்ளியோ முன்னே இழுத்தோ அமைத்துக்கொள்ள முடியுமானால், இயர் 10 தொடங்கும் செப்டம்பருக்கு முன் வந்துவிடுவதே நல்லது.

படி 2: அலுவலகத்திலிருந்து அல்ல, மாலை 3.15 மணியிலிருந்து கணக்குப் போடுங்கள்

தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் மாலை 3.15, 3.30 மணிக்கு விட்டுவிடும். சிறு வகுப்புப் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து அழைத்துச் செல்லாமல் ஆசிரியர் வெளியே விடமாட்டார். தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் நெடுநாள் செல்லாது, சுற்றுலா விசாவில் ஒருமுறைக்கு ஆறு மாதம்தான் தங்கலாம். ஆகவே அப்பா, அம்மா இருவரில் யார் 3.15க்கு வாசலில் நிற்பார், இல்லையென்றால் பள்ளியிலேயே மாலை 6 மணிவரை கட்டணம் வாங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இடம் கிடைக்குமா என்பதை முடிவுசெய்த பிறகே, எத்தனை நிமிடப் பயணம் தாங்கும் என்று சொல்ல முடியும்.

தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக வாழும் இடங்கள் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங், குராய்டன் போன்றவை. ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் தடமும், டூட்டிங்குக்கு நார்தர்ன் தடமும், ஹாரோவுக்கு மெட்ரோபாலிட்டன் தடமும், இல்ஃபோர்டுக்கு எலிசபெத் தடமும் வருகின்றன. குராய்டனில் பாதாள ரயில் கிடையாது, ஆனால் சாதாரண ரயிலும் டிராமும் உண்டு. முருங்கைக்காயும் இட்லி அரிசியும் நடந்துபோய் வாங்கும் தூரத்தில் கிடைப்பது முதல் குளிர்காலத்தில் எவ்வளவு தெம்பு என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஆயினும் அதற்காக மட்டும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கோயிலுக்கும் வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போகலாம்; பள்ளிக்கு வாரத்துக்குப் பத்து முறை நடக்க வேண்டும்.

படி 3: காலியிடத்தைக் கேளுங்கள்

இதுதான் நாங்கள் தவறவிட்ட படி. ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. அரிய விதிவிலக்குகளைத் தவிர, 31-ஆவது பிள்ளையைத் தலைமையாசிரியர் மனமிரங்கியும் சேர்க்க முடியாது. மேல்முறையீட்டிலும் வெல்வது கடினம். இயர் 3 முதல் அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், ஒவ்வொரு பள்ளிக்கும் தனக்கென்று ஓர் எண்ணிக்கை உண்டு.

ஆகவே, இரண்டு அல்லது மூன்று பகுதிகளைக் குறித்துக்கொண்டதும், அந்தந்தக் கவுன்சிலின் (பகுதியை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பின்) பள்ளிச் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘இயர் 2-இலும் இயர் 5-இலும் இப்போது எந்தெந்தப் பள்ளிகளில் இடம் இருக்கிறது’ என்று நேராகக் கேளுங்கள். சில கவுன்சில்கள் இந்தப் பட்டியலைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. பிறகு பள்ளிகளுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறப்பு எண்ணிக்கை குறைந்ததாலும் வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறியதாலும், ஹாக்னி, லாம்பெத், சதர்க் போன்ற உள் லண்டன் பகுதிகளில் தொடக்கப் பள்ளிகள் ஆளின்றி மூடப்படுகின்றன, இணைக்கப்படுகின்றன. அங்கே இடம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சேரவிருக்கும் பள்ளி மூடும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

படி 4: பள்ளியைப் படியுங்கள், பிறகு பாருங்கள்

ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு பள்ளியையும் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. ‘மிகச் சிறப்பு’ போன்ற ஒற்றைச் சொல் மதிப்பீடு 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டு, 2025 நவம்பர் முதல் பல தலைப்புகளில் தனித்தனியே தரம் தரும் அறிக்கை அட்டை வந்திருக்கிறது. வீட்டு விளம்பரங்களில் இன்னும் பழைய ஒற்றைச் சொல்லே பளிச்சென்று இருக்கும். ஆய்வு நடந்த ஆண்டைப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய பாராட்டுக்குப் பெரிய மதிப்பில்லை.

இடைநிலைப் பள்ளியென்றால், தேர்வு முடிவோடு, பிள்ளைகள் சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பதைக் காட்டும் ‘புராக்ரஸ் 8’ அளவையும் பார்ப்பது வழக்கம். கோவிட் காரணமாக 2020, 2021 ஆண்டுகளில், சேரும்போதைய நிலையைக் காட்டும் இயர் 6 தேர்வுகள் நடக்காததால், 2025, 2026 ஆண்டுகளின் முடிவுகளுக்கு அந்த அளவு கிடையாது. சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் போன்ற இடங்களில் உள்ள, நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு இடைநிலைப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளை மனத்தில் வைத்து வருபவர்கள், ‘லெவன் பிளஸ்’ என்ற அந்தத் தேர்வு இயர் 6 தொடக்கத்திலேயே நடந்துவிடும் என்பதையும், அதற்கு முந்தைய கோடையிலேயே பதிவுசெய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

இவற்றையெல்லாம்விட ஒரு காலை நேரம் பள்ளி வாசலில் நின்று பார்ப்பதை நான் நம்புகிறேன். எங்கள் சின்னவன் சேர்ந்த ‘பேரில்லாத’ பள்ளியில், தலைமையாசிரியை மழையில் குடையோடு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றார். மூன்றாம் நாள் அவனுடைய முழுப் பெயரையும் பிழையில்லாமல் உச்சரித்தார். அதற்குள் ‘ழ’கரத்தை யாரிடம் பழகினாரோ தெரியாது.

படி 5: வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்

பெரும்பாலான பள்ளிகள், உடன்பிறந்தோருக்கு முன்னுரிமை தந்தபின், வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தை நேர்கோட்டில் அளந்து இடம் தருகின்றன. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைக் கவுன்சில்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அது மைலில் இருக்கும். ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். கவுன்சில் எல்லைக்கு அப்பால் வீடு இருப்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 1989-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், எல்லைக்கு அடுத்த தெருவையும் தாராளமாகப் பார்க்கலாம். கிறிஸ்தவப் பள்ளியை விரும்பும் குடும்பங்கள் ஞானஸ்நானச் சான்றிதழை ஊரிலிருந்தே எடுத்து வரவும்.

பிணைத்தொகை, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்பணமாகக் கேட்கவும் கூடாது. அன்று முதல் ஓராண்டுக் கட்டு ஒப்பந்தங்களும் ஒழிந்து, இரண்டு மாத முன்னறிவிப்போடு வாடகைதாரர் வெளியேறலாம். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் பள்ளி இடத்துக்காக மட்டும் ஒரு முகவரியைப் பிடித்து உடனே மாறுவது பொய் முகவரி என்று கருதப்படலாம். அப்படிப் பெற்ற இடத்தைத் திரும்பப் பறிக்கவும் செய்வார்கள்.

படி 6: விண்ணப்பமும் காத்திருப்பும்

ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15, இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் 7-க்கு அக்டோபர் 31 கடைசி நாள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம்; அந்த வரிசை பள்ளிக்குத் தெரியாது என்பதால், மனத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஆண்டின் நடுவில் வருவோர் பகுதியைப் பொறுத்துக் கவுன்சிலிலோ பள்ளியிலோ விண்ணப்பிக்க வேண்டும். 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி. பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி ரசீது ஆகியவை போதும். லேமினேட் செய்து பத்திரமாகக் கொண்டுவந்த மாற்றுச் சான்றிதழை எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, விரும்பிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் நீடிக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது. பட்டியல், பதிந்த தேதிப்படி நகர்வதில்லை. உங்களைவிடப் பள்ளிக்கு அருகில் ஒரு குடும்பம் குடிவந்தால் நீங்கள் கீழே இறங்குவீர்கள். எங்களுக்குப் பிப்ரவரியில் ஒரு நாள் மதியம், முதலில் விரும்பிய பள்ளியில் சின்னவனுக்கு இடம் இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. இரண்டு நாளில் பதில் கேட்டிருந்தார்கள். சின்னவனைக் கேட்டோம். குடைக்கார டீச்சரை விட்டு வரமாட்டேன் என்றான். அக்காவைத்தான் அடுத்த மாதம் அவன் பள்ளிக்கு மாற்றினோம்.