சின்ன பேட்டரிக் காரில் நீண்ட பயணம்: கோவையிலிருந்து கிளம்பும் முன் போட வேண்டிய சார்ஜ் கணக்கு

டியாகோ இவி, கோமெட் மாதிரி சின்ன மின்சாரக் கார்கள் டவுனுக்குள் சுற்றத்தான் லாயக்கு என்ற பேச்சு நம் பக்கம் அதிகம். 24 யூனிட் பேட்டரி இருந்தால் கோவையிலிருந்து பெங்களூருக்குக் குடும்பத்தோடு பகலோடு பகலாகப் போய்ச் சேரலாம், ஊட்டிக்கும் மலையேறி இறங்கலாம். ஆனால் பெட்ரோல் கார் மாதிரி ‘போற வழியில பாத்துக்கலாம்’ என்று கிளம்பக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேப்பர் பேனாவோடு உட்கார வேண்டும்.

நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை நம்பியவர்கள். இதுவரை நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துத்தான் அந்த எண் வருகிறது. முன்னால் இருக்கும் மேடும் எதிர்க்காற்றும் அதற்குத் தெரியாது. அதனால் கீழே எல்லாக் கணக்கும் சதவீதத்திலும் யூனிட்டிலும்தான். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான் இதுவும்.

படி 1: உங்கள் காரின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

டியாகோவின் 24 யூனிட் மாடல் 2022-ல் வந்தபோது 315 கி.மீ. என்று அறிவித்தார்கள். அது சோதனைக்கூட அளவு. பைபாஸில் ஏசி போட்டு 80-ல் போனால் 200-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். உங்கள் காரில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே அளந்துவிடலாம்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு நீலாம்பூரில் பைபாஸ் ஏறுங்கள். டிரிப் மீட்டரை பூஜ்ஜியம் ஆக்கி, செங்கப்பள்ளி வரை 80-ல் போய் அதே வேகத்தில் திரும்புங்கள். போவதும் வருவதும் சேர்ந்தால்தான் சரிவும் காற்றும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஓடிய கி.மீ.யைக் குறைந்த சதவீதத்தால் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும். 80 கி.மீ. ஓடி 40 சதவீதம் குறைந்திருந்தால், ஒரு சதவீதத்துக்கு 2 கி.மீ. 24 யூனிட் காருக்கு 2, 19.2 யூனிட் காருக்கு 1.6, 17.3 யூனிட் கோமெட்டுக்கு 1.5 என்று வைத்து முதல் கணக்கைப் போடலாம். அளந்த பிறகு உங்கள் எண்ணை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். 100 கி.மீ. தூரத்தில் இதனால் மிச்சமாவது 15 நிமிடம். அதைவிட அதிக நேரம் சார்ஜரில் நிற்க வேண்டிவரும். சின்ன பேட்டரிக் காரில் 80-ல் போகிறவர்தான் முதலில் ஊர் போய்ச் சேருவார்.

படி 2: பேட்டரியில் எவ்வளவை நம்பலாம்?

வீட்டிலிருந்து கிளம்பும்போது சார்ஜ் 100 சதவீதம் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 80-ல் எடுத்துவிட வேண்டும், 20-க்குக் கீழே இறங்கக் கூடாது. 80-க்கு மேல் பேட்டரி தானாகவே மின்சாரத்தை மட்டுப்படுத்தும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் அடுத்த ஊருக்கே போய்விடலாம். கீழே இருக்கிற 20, போய் நிற்கும் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக.

ஆக 24 யூனிட் காருக்கு முதல் ஓட்டம் 160 கி.மீ., அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் 120 கி.மீ. புதிதாகத் திட்டமிடுபவர்கள் இதிலும் ஒரு பத்துப் பதினைந்து கி.மீ. குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசி மட்டுமே மணிக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை எடுக்கும்.

கோமெட் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ரோட்டோர மெஷின்களில் வேகமாக ஏற்றும் டிசி சார்ஜ் வசதியே அதில் இல்லை. இரவு தங்கி ஏற்றிக்கொண்டு, நாளுக்கு ஒரு ஓட்டம் என்று பிரித்துத்தான் போக வேண்டும்.

படி 3: சார்ஜரைத் தேர்ந்தெடுப்பது

டாடா பவர், ஸ்டேடிக், ஜியோ-பிபி, கோவையைச் சேர்ந்த ஜியான் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆப், தனி வாலட். உங்கள் வழியில் எந்தெந்த கம்பெனி இருக்கிறது என்று பார்த்து, ஆப்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஓடிபி முடித்து, வாலட்டில் பணமும் போட்டுவிடுங்கள். சார்ஜர் அருகே சிக்னல் ஒரு கோடு காட்டும்போது ஓடிபிக்குக் காத்திருப்பது பெரிய அவஸ்தை. யூனிட் விலை பெரும்பாலும் 20 ரூபாயை ஒட்டி இருக்கும். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு.

ஆப்பில் சார்ஜரைத் தொட்டதும் மூன்றைப் பாருங்கள். கன் (கேபிள் முனையில் காரில் மாட்டும் பிளக்) நம் காருக்குப் பொருந்தும் சிசிஎஸ்-2 வகைதானா? பழைய 15 கிலோவாட் (மணிக்கு 15 யூனிட் தரும்) மெஷின்களில் வேறு வகை கன் இருக்கும், நம் காரில் நுழையாது. கடைசியாக எப்போது ஒருவர் சார்ஜ் செய்திருக்கிறார்? ஒரு வாரமாக யாருமே ஏற்றவில்லை என்றால் அது ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை கன் இருக்கிறது? ஒரே கன் உள்ள இடத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

120 கிலோவாட் மெஷினைத் தேடி அலையவும் வேண்டாம். டியாகோ 10-லிருந்து 80-க்கு ஏற எந்தப் பெரிய மெஷினிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். கார் வாங்கிக்கொள்ளும் வேகம் அவ்வளவுதான். கூட்டமில்லாத 30 கிலோவாட் மெஷினே நமக்குப் போதும். பெரிய பேட்டரிக் கார்கள் அதை எட்டிப் பார்ப்பதில்லை என்பது கூடுதல் லாபம்.

பலர் கோட்டை விடும் இடம் மாதாந்திர பராமரிப்பு மின்தடை. அன்றைக்குக் காலை 9 மணியிலிருந்து மாலை 4 அல்லது 5 வரை அந்தத் துணைமின் நிலையத்துப் பகுதி முழுக்க கரண்ட் இருக்காது. ஹோட்டல் ஜெனரேட்டரில் லைட் எரியும், சார்ஜர் எரியாது. முந்தின நாள் பேப்பரில் ‘நாளைய மின்தடை’ பகுதியை அந்தந்த ஊர்ப் பெயரோடு பார்த்துவிடுங்கள்.

படி 4: பெங்களூரு ஓட்டத்தை எழுதிப் பார்ப்போம்

24 யூனிட் கார், சதவீதத்துக்கு 2 கி.மீ., தூரம் 360 கி.மீ.யை ஒட்டி. உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1400 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் மேலே ஏற்ற, இழப்பெல்லாம் சேர்த்து சுமார் 0.45 யூனிட் செலவு. 24 யூனிட் காரில் இது 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டரில் இருக்கிறது. பவானியில் காவிரியைத் தாண்டும்வரை இறக்கம்தான், அதனால் முதல் ஓட்டம் சுலபம். சங்ககிரி வரை 130 கி.மீ.க்கு 65 சதவீதம், கையில் மீதம் 35. அங்கே 80 வரை ஏற்ற 40 நிமிடம். இட்லி சாப்பிட்டு முடிக்கச் சரியாக இருக்கும். அடுத்து சேலம் தாண்டி, தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி. தூரம் 100 கி.மீ., 50 சதவீதம். ஏற்றம் 200 மீட்டருக்கு மேல், அதற்கு 5 சதவீதம். மீதம் 25. சங்ககிரியில் கன் கிடைக்காவிட்டால் 35 சதவீதத்தோடு சேலம் வரை போய் ஏற்றலாம். இந்த மாற்று வழியையும் பேப்பரில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தருமபுரியிலிருந்து ஓசூர் 95 கி.மீ. இது ஏமாற்றும் ஓட்டம். ரோடு தட்டையாகத் தெரியும். ஆனால் கிருஷ்ணகிரி தாண்டியதும் ஏறிக்கொண்டே போய் ஓசூரில் 900 மீட்டரை நெருங்கிவிடுவீர்கள். ஓட்டத்துக்கு 48, ஏற்றத்துக்கு 8 சதவீதம். தருமபுரியில் 80 சதவீதம் வரை ஏற்றிக் கிளம்பினால் கையில் 24. பெங்களூரு நெரிசலுக்குள் அதை வைத்துக்கொண்டு நுழைய வேண்டாம். ஓசூரில் அரை மணி நேரம் போட்டுவிட்டுப் போங்கள்.

படி 5: திரும்பி வருவதற்குத் தனிக் கணக்கு

போன கணக்கைத் திருப்பிப் போட்டால் வந்த கணக்கு ஆகாது. ஓசூரிலிருந்து இறக்கம் என்பதால் முன்பாதி லாபம்தான். பவானிக்கு இந்தப் பக்கம்தான் சங்கதியே. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு கிழக்கே போகிறது. பெருந்துறையிலிருந்து கோவைக்கு வரும் நீங்கள் அதற்கு நேர் எதிரே. 80-ல் போகும் காருக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று என்றால், காருக்கு அது 100-ல் போவதுபோல. மேலே சொன்ன 56 சதவீதம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு பவானியிலிருந்து கோவை வரை 200 மீட்டருக்கு மேல் ஏற்றம். இந்த மாதங்களில் சதவீதத்துக்கு 2 கி.மீ. என்பதை 1.6 என்று வைத்துக் கணக்குப் போட்டு, வேகத்தை 70-க்கு இறக்குங்கள். கோவையிலிருந்து பாலக்காடு போகிறவர்களுக்கும் இதே கணக்கு.

படி 6: கன் மாட்டும்போது

சார்ஜ் ஆரம்பிக்காமல் ‘எரர்’ காட்டினால் முதலில் கேபிளைப் பாருங்கள். டிசி கேபிள் கனமானது. அதன் எடையில் கன் கீழே சாய்ந்து, ஊசிகள் சரியாகப் பொருந்தாது. கன்னை உள்ளே அழுத்தி, அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். ‘டக்’ என்று பூட்டும் சத்தம் கேட்டு மீட்டரில் யூனிட் ஓட ஆரம்பிக்கும் வரை கையை எடுக்காதீர்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் காரை முழுக்க ஆஃப் செய்து, லாக் செய்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

முடிந்தபின் கன் வரவில்லை என்றால் இழுத்துப் பிடுங்காதீர்கள், பூட்டு உடையும். ஆப்பில் சார்ஜை நிறுத்தி, சாவியில் காரை அன்லாக் செய்தால் விடும்.

படி 7: மலைப் பயணம், லாட்ஜ் சார்ஜ்

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு, முதலில் அதை எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 53 கி.மீ., ஏற்றம் 1900 மீட்டர். உயரத்துக்கு எட்டரை யூனிட், ஓட்டத்துக்கு ஐந்து யூனிட், மொத்தம் பதிமூன்றரை. 24 யூனிட் காரில் இது 56 சதவீதம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 18 சதவீதம் போனாலும் ஊட்டியில் 25-ஐ ஒட்டி நிற்கும். 19.2 யூனிட் காரில் மலைக்கு 70, வழிக்கு 23 என்று 93 போய்விடும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி 90-க்கு மேல் ஏற்றிய பிறகே மலை ஏறுங்கள்.

சத்தி வழியாக மைசூரு போகிறவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். திம்பம் மலைப்பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சார்ஜுக்கு நின்று தாமதமானால் செக்போஸ்ட்டில்தான் விடியும்.

ஊட்டியில் இரவு ஏற்றிக்கொள்ள லாட்ஜ் புக் செய்யும்போதே போனில் கேளுங்கள்: “ஏனுங்க, பார்க்கிங் பக்கத்துல 15 ஆம்பியர் பவர் பாயிண்ட் இருக்குங்களா, எர்த் இருக்குங்களா?” காரோடு வரும் சார்ஜர் மணிக்கு மூன்று யூனிட் ஏற்றும். எட்டு மணி நேரத்தில் டியாகோ நிரம்பிவிடும். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி ஏற்றாது. அது உங்கள் உயிருக்கான பாதுகாப்பு. அதை ஏமாற்றும் வேலை எதுவும் வேண்டாம். டிவிக்குப் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும். 4 சதுர மி.மீ. தாமிர மூன்று கோர் ஒயரில், 16 ஆம்பியர் பிளக் சாக்கெட் போட்டு 15 மீட்டருக்கு ஒரு எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். சுருளை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும், சுருட்டியபடி போட்டால் சூடேறும். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். அந்த யூனிட்டுக்கான காசை லாட்ஜ்காரரிடம் கேட்காமலே கொடுங்கள், அடுத்து வருபவருக்கும் கதவு திறக்கும்.

கிளம்பும் அன்று காலை 100 இருக்கக் கூடாது. இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்கு அனுப்பித்தான் காரைப் பிடித்து நிறுத்துகிறது, இதற்குப் பேர் ரீஜென். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்கு இடமில்லை, பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், சூடேறிய பிரேக் பிடிக்காது. 80-க்குள் வைத்து, ரீஜெனை உயர்ந்த நிலையில் போட்டு இறங்குங்கள். சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவதுண்டு. எந்த வழியில் இறங்கினாலும் மேட்டுப்பாளையத்துக்கு வரும்போது இரண்டு மூன்று யூனிட் கூடவே இருக்கும். கோவைக்கு அங்கே ஏற்ற வேண்டியதில்லை.