கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரா? வரலாற்றை நிலத்திலிருந்து தொடங்குங்கள்

கோயிலையோ (இங்கே தேவாலயத்தைத்தான் சொல்கிறேன்) மிஷன் பங்களாவையோ சுற்றி வளர்ந்த ஊர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். நூற்றாண்டு விழா நெருங்கினால் மலர் போடக் கிளம்புவார்கள், முதல் பக்கமே 'காடாகக் கிடந்த இந்த இடத்துக்கு ஐயர் வந்தார்' என்றிருக்கும் (ஐயர் என்பது மிஷனரிப் பாதிரியார்). அந்தக் காடு யாருடையது? அதைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

போலந்தில் ஹென்ரிக்குஃப் என்றொரு ஊர். 1227-ல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் வந்து மடம் அமைத்தார்கள், 1241-ல் மங்கோலியப் படை எரித்தது, மறுபடி கட்டினார்கள். பழைய உடைமையாளர்களின் வாரிசுகள் 'எங்கள் பூமி' என்று வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டுமே என்று, 1270 வாக்கில் மடத்தலைவர் பியோத்ர், எந்தத் துண்டு நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதை லத்தீனில் கதை கதையாக எழுதி வைத்தார். மனைவிக்குப் பதிலாகத் தானே திரிகை சுற்றிய ஒரு செக் விவசாயிகூட அதில் வருகிறார். வழக்குக்காக எழுதியதுதான், இன்று அந்த வட்டாரத்துக்கே வரலாறு.

நீங்களும் முதலில் ஆதாரத்தைத் தேடுங்கள். 1956 நவம்பர் 1-ல்தான் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தோம். அதற்கு முந்தையவை பல மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்த பெரியவரை இப்போதே பிடித்து வையுங்கள். மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அப்புறம் ஞானஸ்நானப் பதிவேடு. வீட்டுக்குக் கேட்காதீர்கள், அனுமதி வாங்கி அங்கேயே போட்டோ எடுங்கள்.

பெரியவர்களிடம் 'ஊர் எப்படி உருவாச்சு?' என்று கேட்டால் பழைய மலரில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். 'இந்த விளைக்கு (தோப்புக்கு) பாட்டம் (குத்தகை) யாருக்குக் கொடுத்தீங்க? தேங்காய் எண்ண யார் வருவா?' என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். கூடவே, ஐயர் வருவதற்கு முன்னால் ஊரில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். மயிலாடி என்றதும் 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயைச் சொல்வோம், ஆனால் அவர் வர வழி செய்த வேதமாணிக்கம் மயிலாடிக்காரர்தான்.

கல்லறைக் கல்வெட்டு மங்கியிருந்தால் சுண்ணாம்பு தேய்க்க வேண்டாம், கல் கெட்டுவிடும். காலை ஏழு மணி வாக்கில் வெயில் பக்கவாட்டில் விழும்போது போட்டோ எடுத்தால் எழுத்து தெரியும். மழைக்காலமென்றால் சாயங்காலம் இருட்டியபின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலும் போதும், கோயில் பணியாளரான கப்பியாரிடம் மட்டும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.