சுங்குடிக் கடைக்கு இடம் கிடைத்த கதை

துணியில் நூலால் சிறு முடிச்சுகள் போட்டு, சாயம் ஏற்றி, பிறகு அவிழ்த்துச் செய்வது சுங்குடிச் சேலை; நூல் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கைவினைக் கலைஞர்களின் இணையக் கடைகளைப் பட்டியலிடும் ஓர் இடத்தில் என் சுங்குடிக் கடையைச் சேர்க்க மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் ஒரே பதில்: "சொந்தத் தயாரிப்பு என உறுதிசெய்ய முடியவில்லை."

படம் சரியில்லையோ என்று ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பினேன், பயனில்லை. அப்புறம், மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி எழுதினேன். அது இந்த ஊர்க் கலைக்குக் கிடைத்த அடையாளம். இந்தச் சேலைக்கு முடிச்சுப் போட்டது நான்தான் என்பதற்கு அது சான்றாகாது. இதிலேயே பத்து நாள் போனது.

கடைசியில்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுப்பதற்கு முன் சேலையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தேன். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி குமிழாக நிற்கும். அது முழுக்கத் தட்டையாகிவிட்டது. பார்க்க அச்சடித்த சேலை மாதிரியே இருந்தது. கடைத்தெருவில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலானவை அச்சுதானே, அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

இஸ்திரி போடாத சேலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து நெருக்கமாக எடுத்தேன். வெள்ளை வளையத்தின் நடுவே ஊசிமுனை அளவு சாயம் ஏறியிருப்பது தெரிந்தது. நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணி நுனி அது. கூடவே பாதி முடிச்சு அவிழ்த்த துணி, சாய வாளி, நூல் சுற்றும் என் கை என்று மூன்று படங்கள். விண்ணப்பத்திலும் கடையிலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்றும் சரிபார்த்தேன்.

நான்காம் நாள் ஒப்புதல் வந்தது. இப்போதுதான் நிம்மதி.